பச்சை விளிம்பு

இந்துமதி ஏற்றிய வரி மறுபடியும் திரையிலிருந்து மறைந்தது. "இந்தத் தொட்டிலில் குழந்தை பத்திரமாக உறங்கும்" என்றுதான் எழுதியிருந்தாள்.

வணிக இணையதளங்கள் எல்லாம் மெய்யாய்வி என்ற சரிபார்ப்பு இயந்திரத்தைக் கடந்துதான் மக்களிடம் போக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, சான்றில்லாத வாக்கியம் எதையும் அந்த இயந்திரம் விட்டுவைப்பதில்லை. தேறிய பக்கத்தைச் சுற்றிப் பச்சை விளிம்பு தோன்றும். பச்சையைப் பார்த்துவிட்டால் வாங்குபவர்கள் வேறெதுவும் விசாரிப்பதில்லை. உண்மைகளை மட்டும் அடுக்கி ஆசை காட்டி விளம்பரம் எழுதுவதில் கோவையில் இந்துமதியை மிஞ்ச ஆளில்லை.

தானாடும் தொட்டில் செய்யும் தண்டபாணியிடம், அந்த வரி ஏன் தேறவில்லை என்று அவள் கேட்டாள். சோதனைக்கூடத்துக்கு இன்னும் அனுப்பவில்லை என்றார்.

"அந்த வரிய எடுத்துருங்க. மத்ததெல்லாம் உண்மைதானுங்களே?"

உண்மைதான். "குழந்தை சிணுங்கியதும் தொட்டில் ஆடத் தொடங்கும், நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை." அது உடனே தேறியது. ஆனால் காட்சிக்கு வைத்திருந்த தொட்டிலைக் காலையில் அவள் ஆட்டிப் பார்த்தபோது கொக்கி கழன்று ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரியாக முடுக்கவில்லை என்று சொல்லித் தண்டபாணி அதை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்த்தாள்: "கொக்கி கழன்றுவிடக்கூடும், கவனம்." மறைந்தது. "கழன்றதை நானே பார்த்தேன்" என்று மாற்றினாள். ஒருவர் கண்டது சான்றாகாது என்ற குறிப்போடு அதுவும் போயிற்று. எச்சரிக்கைக்கும் அதே விதிதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் தண்டபாணி தன் அறையிலிருந்தே பக்கத்தை வெளியிட்டுவிட்டார். பச்சை விளிம்பு ஒளிர்ந்தது. நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்சினாள். சோதனை முடிவு வரட்டும், பார்க்கலாம் என்றார்.

மாலையில் தங்கை சாருலதா அழைத்தாள். கைக்குழந்தைக்காரி. அக்கா எழுதிய பக்கத்தைப் படித்ததுமே தொட்டில் வாங்கிவிட்டதாகவும், உள்ளூர் என்பதால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், பிள்ளை இப்போது அதில்தான் தூங்குகிறான் என்றும் சந்தோஷமாகச் சொன்னாள்.

இந்துமதி குறுக்கிட்டாள். "அவன மொதல்ல தூக்கு சாரு. அதோட கொக்கி கழன்றத நான் கண்ணால பாத்தேன்."

சாரு பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"அப்படி எதுவுமே போடலியேக்கா. நெசமா இருந்தா மெய்யாய்வி விட்ருக்குமே?"

இந்துமதி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தங்கை வீட்டுக்குள் நுழைந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. தொட்டில் வாங்கிய மற்ற வீடுகளில் என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.