கடைசித் தகடு

இரும்புச் சிற்பத்தின் கடைசித் தகட்டை வைத்து அடைத்தபோது ஷெட்டில் இருந்தவர்கள்: சிற்பி, வெல்டரான அவள் தம்பி, பாலீஷ் போடும் பெண், கிரேன் டிரைவர். நாலே பேர். டிரைவர் கேபினை விட்டு இறங்கவில்லை என்றாலும், "பூசணிக்காய மூடியாச்சாம்மா? நான் வீட்டுக்குப் போகவா, இல்ல இங்கயே பாய் விரிக்கவா?" என்று மேலிருந்து கத்திக்கொண்டே இருந்ததால் அவரையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மூடிய பிறகு அவரும் இறங்கி வந்தார். நாலு கிளாஸ் டீ. அது வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சிற்பி தனியாக வந்து, தகட்டைப் பற்றவைத்த இடத்தில் தையல் போல ஓடிய தழும்பின் மேல் பிரைமர் அடிக்க டப்பாவைத் திறந்தபோது, பெயின்ட் நெடிக்கு நடுவே மென்தால் மிட்டாய் வாசனை வந்தது.

அவள் கையில் பிரஷ் அப்படியே நின்றது. மென்தால் தம்பியின் வாசனை. சிகரெட்டை விட்டதிலிருந்து அவன் வாயில் எந்நேரமும் ஒன்று உருளும். ஆனால் அவன் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மிட்டாயும் தின்னவில்லை, பாக்கெட் வீட்டில் டிவி மேல் கிடந்தது. வாசனை சிற்பத்தின் அடியில், சூட்டில் காற்று உப்பாமலிருக்க அவள் போட்டிருந்த விரல் பருமன் துளையிலிருந்து வந்தது.

உள்ளே எச்சில் துப்பியிருப்பான், நாய்ப்பயல் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது.

பழைய பெட்ரோல் டாங்குகளை அறுத்து, உருட்டி, தகடு தகடாகப் பற்றவைத்துச் செய்தது அது. இரண்டு ஆள் உயரம், உள்ளே வெற்று. எட்டு மாத வேலை. நாளைக் காலை ஏழு மணிக்கு லாரி வரும். துறைமுக வாசலில் இறக்கியதும், காற்றுக்கு அசையாமலிருக்க, உச்சிக் குழாய் வழியாக அதன் வயிறு நிறைய கான்கிரீட் ஊற்றுவார்கள்.

இந்த மாதிரி வேலைகளில் உள்பக்கத்தைத் தம்பி பற்றவைப்பான், வெளிப்பக்கத்தை அவள். கிரைண்டர் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் சுத்தியல்தான் பேச்சு. வெளியே இரண்டு தட்டு: இருக்கியா? உள்ளே மூன்று தட்டு: இருக்கேன். கடைசித் தகட்டை எப்போதும் அவளேதான் வைப்பாள். வைக்கும் முன் இரண்டு தட்டுவாள். பதில் வராது. வராததுதான் பதில். பதினோரு வருடமாக இப்படித்தான்.

வெள்ளிக்கிழமையும் தட்டினாள். மூன்று வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தான், முழங்கை உரசும் தூரத்தில். "எதிரொலிதான்க்கா" என்றான். அவள் சிரித்துவிட்டு டார்ச்சைப் பற்றவைத்தாள்.

இரண்டுக்கு எதிரொலி இரண்டாகத்தானே வரும்?

வெளியே மேகம் மூடி ஷெட்டின் தகரக் கூரை ஒரு முறை நெளிந்து சத்தமிட்டது. ஒற்றை ட்யூப்லைட்டின் வெளிச்சத்தில் சிற்பத்தின் நிழல் சுவரேறி, கூரையைத் தொட்டு, பாதி மடங்கிக் கிடந்தது. அவள் போனை எடுத்துப் பாலீஷ் போடும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை தம்பி வெளிய வந்ததப் பாத்தியா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. கையப் புடிச்சு இழுத்துவிட்டதே நான்தான். ஏன்க்கா, காணோமா?"

"வீட்லதான் இருக்கான்."

"அப்புறம் என்ன? ஆனா ஒண்ணு, அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது, அவரு கை மட்டும் சில்லுனு இருந்துச்சு. கையுறைக்கு மேலயே. காய்ச்சல் கீச்சல் வரப்போகுது, பாத்துக்கங்க."

கையுறை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதுகூட. "கை வெந்துபோச்சுக்கா" என்றான், அவளும் விட்டுவிட்டாள். நேற்று வாசல் கேட்டின் கீலை அவள் பற்றவைத்தபோது கேட்டைப் பிடித்துக்கொண்டவன், முகமூடி இல்லாமல், அந்த வெள்ளை நெருப்பையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு நிமிடம் பார்த்தாலே ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி அரிக்கும். இன்று காலை அவன் கண்கள் பளிங்கு மாதிரி இருந்தன.

அவன் இடது சுண்டுவிரலில் பாதி கிடையாது. பதினாறு வயதில் கத்தரி மெஷின் எடுத்துக்கொண்டது. கையுறை போட்டால் அந்த விரல் நுனி காலியாகத் தொங்கும்.

நேற்று கேட்டைப் பிடித்திருந்த கையில் அது தொங்கவில்லை. நிறைந்திருந்தது.

அவள் சுத்தியலை எடுத்தாள். முதல் அடி வழுக்கியது. பிறகு ஒழுங்காக, இரண்டு.

ஒன்றுமில்லை. கூரை மட்டும். அவள் மூச்சு மட்டும்.

பிறகு உள்ளிருந்து, மெதுவாக, எலும்பால் தட்டுவது போல, ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்று.

அடுத்து அவள் யோசிக்கவில்லை. கிரைண்டரை இழுத்தாள். தான் போட்ட தழும்பின் மேலேயே அதன் அறுக்கும் தட்டை இறக்கினாள். பொறி பறந்தது. அவள் போட்ட பற்று. அழுத்தமாக, அகலமாக, பெருமையாகப் போட்ட பற்று. சுலபத்தில் விடவில்லை. ஒரு பக்கம். தட்டு தேய்ந்தது, மாற்றினாள். இரண்டாவது பக்கம். டப்பா உருண்டு பிரைமர் தரையெல்லாம் ஓடியது. மூன்றாவது பக்கம் அறுந்ததும் தகடு தன் எடையிலேயே வெளியே சாய்ந்து வாய் பிளந்தது.

கிரைண்டரை அணைத்தாள்.

மூத்திர நாற்றம். துரு. மென்தால்.

இடுக்கு வழியாக விரல்கள் வந்தன. கருகிய நகங்கள். சுண்டுவிரல் பாதி.

அவள் பிடித்துக்கொண்டாள். சுட்டது. உயிருள்ள சூடு.

"டேய். டேய், கண்ணு. நான்தான்டா. அஞ்சே நிமிஷம், அறுத்துடுறேன்."

உள்ளே தொண்டை காய்ந்த குரல். தம்பியின் குரல்.

"சத்தம் போடாதக்கா. தனியாத்தான வந்த?"

"தனியாத்தான்."

"அது எங்க இருக்கு?"

"வீட்ல."

விரல்கள் அவள் கையை இறுக்கின. "நீ இங்க வந்திருக்கன்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியும். கிளம்பும்போது அவள்தான் சொல்லிவிட்டு வந்தாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது.

அவள் நாலாவது பக்கத்துக்குக் கிரைண்டரை எடுக்கப் போனாள். விரல்கள் அவளை விடவில்லை. குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போல, தைரியம் சொல்வது போல, சுத்தியலால் தகட்டில் மெல்ல இரண்டு தட்டினாள்.

மூன்று வந்தது.

கதவிலிருந்து.

அவளைப் பிடித்திருந்த விரல்கள் சட்டென்று இருட்டுக்குள் பின்வாங்கின.

இரும்புக் கதவு திறந்தது. தம்பி உயரம். தம்பி சட்டை. இரு கையிலும் கையுறை, பத்து விரலும் நிறைய. கக்கத்தில் ஒரு கட்டு வெல்டிங் ராடு, புதுசு, உறை பிரிக்காதது. பளிங்குக் கண்கள் பிளந்த தகட்டைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, இமைக்கவில்லை.

"நான் முடிச்சுடுறேன்க்கா" என்றது. "நீ உள்ள போ."

பின்னால் கையை நீட்டி, திரும்பாமலேயே, கதவைச் சாத்திப் பூட்டியது.