தூசி என்று அழித்த புள்ளிகள்

மெரின் டிரெகார் வண்டியை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். கல்கூர்லிக்கு வடக்கே அந்தத் தங்கச் சுரங்கப் பள்ளத்தில் ஈக்கள் கண்ணோரம் மொய்த்தன. லாரிச் சாலையோரம் ஒரு சாண் அகலத் துளை. அதற்கடியில், நூறு வருடத்துக்கு முந்தியவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தோண்டிவிட்டுப் போன குகை. ஆள் இறங்க வழியில்லை. லேசர் கருவியை வடத்தில் கட்டி இறக்கினால், சுவர்களைப் புள்ளி புள்ளியாய் அளந்து திரையில் காட்டும்.

நேற்றும் அளந்தாள். குகை நடுவே, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், ஆளுயரத்துக்கு ஒரு புள்ளிக்கொத்து. இப்படி வந்தால் தூசி என்று அழித்துவிடுவது இவர்கள் வழக்கம். அழித்தாள். அதற்குப் பின்னால் மறைந்துபோன சுவரைக் கணினியே உத்தேசமாய் மூடியது. சாலைக்குக் கீழே ஒன்பது மீட்டர் பாறை என்று கையெழுத்தும் போட்டாள்.

அந்த உத்தேசம்தான் ராத்திரி முழுக்க உறுத்தியது. மூன்று மணிக்கு லாரிகள் ஓடும். முதல் லாரி அவள் தங்கை லொவீனாவுடையது.

வடத்தை இறக்கும் டூகல் சலித்துக்கொண்டார். "மறுபடியுமாம்மா?"

"இறக்குங்கண்ணே."

கொத்து அங்கேயே இருந்தது, அதே சுவரை மறைத்துக்கொண்டு.

கருவியை இரண்டு மீட்டர் தாழ்த்தச் சொன்னாள்.

கொத்து குனிந்திருந்தது.

ரேடியோவில் மேலாளர் காலின் கத்தினார். "நேத்து கையெழுத்துப் போட்டுட்டு இன்னைக்கு என்ன துளைக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டிருக்க? மூணு மணிக்கு வண்டி கிளம்பும். மூட்டையைக் கட்டு!"

மணி இரண்டே முக்கால். மெரினுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. மண்டியிட்டுத் துளையில் வாய் வைத்தாள்.

"யாரா வேணா இருந்துக்கோ. கொஞ்சம் நகந்து தொலையேன்! என் தங்கச்சி மேல வரப்போறா!"

"தூசிகிட்டயா சண்டை?" டூகல் சிரித்தார்.

துளையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அதில் அணைத்த மெழுகுவத்தியின் வாடை.

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

மூன்றாம் முறை அளந்தபோது சுவர் பளிச்சென்று தெரிந்தது. அது சுவரே இல்லை. குகை இன்னும் நீண்டு சாலைக்கு அடியிலேயே போயிருந்தது. மேலே ஒன்றரை மீட்டர் பாறைதான்.

ரேடியோவை எடுத்தாள். "ரோட்டை மூடுங்க! லொவீனா, எங்கடி இருக்க?"

"வளைவுலக்கா. ஏன், சாப்பாடு கொண்டாந்தியா?"

"நிறுத்துடி! அப்படியே பின்னால போ!"

தூரத்தில் பிரேக் கிறீச்சிட்டது. லாரி மெல்லப் பின்வாங்கியது. காலின் என்னவோ திட்டினார். பிறகு படத்தை அனுப்பச் சொன்னார்.

மெரின் மூச்சு விட்டாள்.

"ஆமா, அந்தக் கொத்து எங்கம்மா போச்சு?" டூகல் கிசுகிசுத்தார்.

படத்தைச் சுழற்றினாள். குகைக்குள் எங்கும் இல்லை. மேலே திருப்பினாள்.

கருவிக்கு மேலே, ஒரு சாண் துளைக்குள், நெடுக நெருங்கிக் கிடந்தன புள்ளிகள்.

"அண்ணே, வடத்தைச் சுத்தாதீங்க."

"நான் கையே வைக்கலம்மா."

வடம் மட்டும் மெல்ல மெல்ல மேலே வந்து, செம்மண்ணில் வளையம் வளையமாக விழுந்துகொண்டிருந்தது.