செவந்தியின் கேஸ் சீட்டு

"முடியாது மச்சான், நோயாளி சீட்டை வெளியாளுக்கு..."

"நான் வெளியாளா மாப்ள? ஒங்கக்காளைக் கட்டுனவன். நாளைக்கு எம் மகனுக்குப் பரிசம். பொண்ணு அந்த ஆவுடையார்கோவில் செவந்தி. அவளுக்குக் காசம் இருந்துச்சான்னு மட்டும்..."

"அதைத்தான் சொல்லக் கூடாதுங்கிறேன். கொணமாகிப் போனவ. ஒரு வார்த்தை வெளிய போனா அவளை எவன் கட்டுவான்?"

ஐம்பத்தெட்டாம் வருடத்து ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம் மத்தியானமே இருண்டு கிடந்தது. குமாஸ்தா திருப்பதி குரலைத் தாழ்த்தினான்.

"பொம்பளைங்க வார்டு கேஸ் சீட்டுக் கட்டெல்லாம் நர்ஸம்மா காத்தாயி கைப்பட முடிச்சுப் போட்டது மச்சான். காயத்துக்குக் கட்டுற துணியாலயே கட்டி வச்சிருவாங்க. டாக்டர்கூட அவங்ககிட்டக் கேட்டுத்தான் பிரிப்பாரு."

"அந்தம்மா செத்து ரெண்டு வருசமாச்சுல்ல? சுடுகாட்டுல போயிக் கேட்டுட்டு வரச் சொல்றியா?"

அக்காள் புருஷனை அதற்குமேல் மறுக்கத் திருப்பதியால் முடியவில்லை. ஏணியில் ஏறி மேல்தட்டுக் கட்டை இறக்கினான். தூசி இல்லை. துணி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. டிஞ்சர் வாடை குப்பென்று அடித்தது.

அவன் விரல் படுமுன்னே முடிச்சு அவிழ்ந்தது.

அலமாரிக்குப் பின்னால் யாரோ காகிதம் புரட்டினார்கள்.

"யாரு மாப்ள அங்கிட்டு?"

"அங்கிட்டு வெறும் செவுருதான் மச்சான்."

சுவர்ப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. டாக்டருக்கு வாசித்துக் காட்டுகிற நிதானம்.

"ஆண்டியப்பன். வயசு முப்பத்தெட்டு. வல்லத்திராக்கோட்டை. ஐம்பத்தொண்ணு, தை மாசம்."

"மச்சான்... இது காத்தாயம்மா குரலு."

"மேகநோய், தப்பான சகவாசத்துல வந்தது. ஊசி பன்னெண்டு. பொஞ்சாதிக்குத் தெரிய வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டு அழுதாரு. சாகுற வரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல."

ஆண்டியப்பன் அலமாரியைப் பிடித்துக்கொண்டான். "மேல வையி மாப்ள. அந்தப் பொண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

திருப்பதி கட்டை மூடப் பார்த்தான். ஈரத்துணி அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகியது.

வராந்தாவில் மெட்டிச் சத்தம்.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"என்னங்க," என்றாள் வராந்தாவில் காத்திருந்த அக்காள் மூக்காயி. "உள்ள ஒரு பொம்பளை ஒங்க பேரைச் சொல்ற மாதிரி இருந்துச்சு. மழையில சரியாக் காதுல விழல."

சுவர்ப் பக்கம் காகிதம் புரண்டது.

"மொதல்லேருந்து வாசிக்கட்டுமா, ஆண்டியப்பன்?"