'ஒய்' தட்டிய விரல்

போன் அலறியது. கறிக் கிடங்கிலிருந்து.

"உடனே வாங்க. ஸ்டோர்கீப்பர் ஃப்ரீஸர் ரூம்ல பொணமா கிடக்காரு."

அடுத்த ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த சிஸ்டம்காரன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஃப்ரீஸர் ரூமில் மாட்டிக்கொண்டவர் அழுத்த ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் கிடங்கு முழுக்க மணி அடிக்கும். அந்த மணியை அடிக்கவைக்கும் புரோகிராம் ஓடும் கம்ப்யூட்டரை, அந்த லினக்ஸ் மெஷினைத்தான், அவன் காலையில் அப்கிரேட் செய்தான்.

பாதியில் மெஷின் கேட்டது. புரோகிராம்கள் ஓடத் தேவையான புது லைப்ரரி ஃபைலும் பழைய லைப்ரரி ஃபைலும் ஒத்துப்போகாது. பழையதை எடுத்துவிடட்டுமா?

ஆம் என்பதற்கு 'ஒய்' தட்டினான். அதோடு எழுந்து போய்விட்டான்.

பழைய லைப்ரரி இல்லாமல் மணி அடிக்காது என்பது இப்போதுதான் உறைத்தது!

பாவி... ஒரு எழுத்தைத் தட்டி ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன்...

கிடங்கில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் மேனேஜர்.

"சார்... நான்தான் கொன்னுட்டேன்" என்றான் சிஸ்டம்காரன்.

"மெதுவா சொல்லுங்க."

சொன்னான். "போன வாரம்தான் அவர் பொண்ணுக்கு லேப்டாப் சரி பண்ணிக் கொடுத்தேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன்?"

மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். "தெரியாம நடந்தது தம்பி. விபத்துதானே சார்... விட்ருங்க."

"மெஷினைக் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிஸ்டம்காரன் திரையைத் திறந்தான்.

அவன் பார்க்காமல் போன கடைசி வரிகள் அங்கே இருந்தன. பழைய லைப்ரரியை எடுத்தால் மணி புரோகிராம் கெடும். அப்கிரேட் ரத்து. எதுவும் மாற்றப்படவில்லை.

"எதையுமே எடுக்கல சார்... மணி அடிச்சிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் ஃப்ரீஸர் ரூமுக்குள் போய்ப் பட்டனை அழுத்தினார்.

கிடங்கே அதிர்ந்தது!

பேக்கிங் செய்யும் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "காலையிலயும் இப்படித்தான் அடிச்சுது சார். அப்கிரேட் நடக்குது, மணி சும்மா அடிக்கும், கண்டுக்காதீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நாங்களும் கேட்டுக்கிட்டே வேலை பார்த்தோம்..."

"நான் அப்படி யார்கிட்டயும் சொல்லலையே" என்றான் சிஸ்டம்காரன். "இன்னிக்கே அப்கிரேட் பண்ணுங்கன்னு அவசரப்படுத்தினதும் இவர்தான்."

மேனேஜர் வெளிறிப் போனார். "கெட்டுப்போன கறிக்கு நான் தேதி மாத்தினதை ஸ்டோர்கீப்பர் கண்டுபிடிச்சுட்டான் சார்... வெளிய சொல்லிடுவேன்னு மிரட்டினான். அதான் அவனை உள்ள வெச்சு கதவைப் பூட்டிட்டேன்..."

சிஸ்டம்காரனுக்கு நிம்மதி வரவில்லை. அவனைக் காப்பாற்றியது மெஷின். அவன் விரல் 'ஒய்' தட்டியது தட்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"சார்... மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க..." மேனேஜர் கெஞ்சினார்.

"மாட்டட்டுமான்னு கேட்டுக்கிட்டு நிக்கறதுக்கு நான் என்ன லினக்ஸ் மெஷினா?"