இருவருக்கும் அதே மாத்திரை

மாத்திரைப் பெட்டி மருந்துக்கடை மேசைமேல் வந்து விழுந்தது. நெவீன் நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த முகம்... அதில் கோபத்திலும் அழகாயிருக்கத் தெரிந்த இரண்டு கண்கள்.

"நான் பைத்தியமா டாக்டர்?"

மருந்துக்கடைக்காரியையும் டாக்டர் என்பது அந்த ஊர் வழக்கம். போன வியாழக்கிழமை வந்தவன்தான். ஹாஸிம், அன்ஃபூஷி படகுத்துறையில் இன்ஜின் மெக்கானிக். இரும்புக் கயிற்றில் வலது கை நசுங்கி, காயம் ஆறியும் நரம்பு மட்டும் தீயாய் எரிகிறதென்று மருத்துவரின் சீட்டோடு வந்திருந்தான். இந்த மாத்திரையை யார் வாங்கினாலும், பெட்டிக்குள் இருக்கும் தாளை விரித்து விளக்கிச் சொல்லித்தான் கொடுப்பாள் நெவீன். சொல்லாமல் விட்டால் வீடே கூடி ஒப்பாரி வைக்கும் ஊர், அலெக்சாந்திரியா. அன்றைக்கு மட்டும் மறந்துபோனாள். ஏன் மறந்தாள்...? அந்தக் கண்களைத்தான் கேட்க வேண்டும்.

தாளின் முதல் வரியே மனச்சோர்வுக்கு என்றிருந்ததாம். அம்மா அழுதாளாம், யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்றாளாம் அத்தை. நான்கு நாளாக அவன் மாத்திரையைத் தொடவில்லை. அத்தனையையும் கொட்டித் தீர்த்தான். கடையில் நின்ற இரண்டு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மனதுக்குக் கொடுக்கும் அதே மருந்து நரம்பின் வலியையும் அடக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று நெவீன் பொறுமையாகச் சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை.

"அழுமூஞ்சிங்க சாப்பிடற மருந்து எனக்கு வேணாம். கை போனா போகட்டும்."

அந்தப் பெண்கள் போனதும் சட்டைப் பொத்தானைப் போட முயன்றான். விரல் பட்டதும் முகம் வெளிறியது. நெவீன் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்லவா, வேண்டாமா...? ஒருமுறை சொல்லித்தான் நிச்சயமான கல்யாணம் நின்றது. இனி வாயைத் திறக்காதே என்று அப்பா கெஞ்சியிருந்தார். ஆனால் இந்த முரடன் இப்படியே போனால் இனி ஸ்பானரைப் பிடிக்கவே மாட்டான்.

"ஒரு அழுமூஞ்சி உங்க எதிர்லயே நிக்குது," என்றாள். "ரெண்டு வருஷமா நானும் இதைத்தான் சாப்பிடறேன். வலிக்கு இல்ல."

ஹாஸிம் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினான்.

அதன் பிறகு வியாழன் தவறாமல் வந்தான். ஒருநாள் பிளாஸ்திரி, ஒருநாள் இருமல் மருந்து... இருமலே இல்லாதவனுக்கு எதற்கு என்று அவள் கேலி செய்தாள். ஐந்தாவது வாரம் எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறாவது வாரம் எதுவும் வாங்காமல் நின்றான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா?"

அவளுக்கு ஆசையாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நான் என்ன மருந்து சாப்பிடறேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அது உங்க விஷயம். நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்லிடுங்க. அப்புறமும் வரணும்னு தோணினா வாங்க."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான் ஹாஸிம்.

"சொன்னேன்."

"அழுதாங்களா?"

"கொஞ்சம்... அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. அந்தப் பொண்ணு மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடுதா, அப்புறமா? அதுக்குத் தகுந்த மாதிரி மீன் சோறு ஆக்கி எடுத்துட்டு வரணுமாம்."



"சாப்பிட்ட அப்புறம்தான்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சீக்கிரமே வரச் சொல்லுங்க ஹாஸிம்... உங்களப் பாக்காம என்னால இருக்க முடியல."