நாற்பத்திரண்டாவது சீட்டு

கோப்பில் இருந்தது நாற்பத்தோரு நோயாளிகள். சீட்டு நாற்பத்திரண்டு வந்தது.

புத்தூர்ப் பக்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியசாலை ஒன்றுக்காக, எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து சீட்டு அச்சிடும் ஸ்டைல்ஷீட் என்ற கணினி நிரலை ரேணிகுண்டா வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. ஆளுக்கொரு சீட்டு என்று லூப் சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவாள். மாலை மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததில் அறை இருண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி பெட்டிக்குப் பெட்டி இடித்துக்கொண்டு நகரும் சத்தம், ஈரச் சுவரின் வாடை, அதற்கும் அடியில் எங்கிருந்தோ பச்சிலையும் முட்டையும் கலந்த கட்டு மருந்தின் வாடை.

கடைசிச் சீட்டில் நந்திதா, வயது ஏழு, வலது மணிக்கட்டு என்றிருந்தது.

அம்சவேணியின் மகளின் பெயர். மகளின் வயது. உலகத்தில் ஒரே ஒரு நந்திதாவா என்று தன்னையே கேலி செய்துகொண்டு கோப்பில் தேடினாள். அந்தப் பெயரே அதில் இல்லை. குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்த கணவன் மோகன்ராஜுக்குப் போன் செய்தாள்.

"மழைக்குப் பாலத்தாண்ட நின்னுக்கினு இருக்கோம். பாப்பா நல்லாத்தான் கீது, வந்துர்றோம்" என்றான்.

அந்தப் பெயர் வந்தால் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனை எழுதி ஓட்டினாள். மறுபடி நாற்பத்திரண்டு. ஆனால் மணிக்கட்டு போயிருந்தது. முழங்கை என்றிருந்தது. மாறுகிறதே, அழித்துவிடலாம் என்று தெம்பு வந்தது. அடிபட்ட இடத்துக்கான வேரியபிளை வெற்றாக வைத்து ஓட்டினாள். தோள். சீட்டை எழுதும் டெம்ப்ளேட் தன்னையே அழைத்து, உள்ளே வேறு மதிப்பை எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள். ஓட்டினாள்.

கழுத்து.

மருந்து வாடை இப்போது தொண்டைக்குள் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கணினி மொழியில் வேரியபிளுக்கு ஒருமுறை கொடுத்த மதிப்பு மாறாது. உள்ளே புதிதாக ஒன்று உருவாகும். பழையது அப்படியே இருக்கும். தினம் எழுதுகிற விஷயம். மறந்துவிட்டாள். எதையும் அவள் அழிக்கவில்லை. நான்கு தடவை ஓட்டியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடியிருக்கிறது.

லேப்டாப்பை மூடினாள். படியில் காலடிச் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

நந்திதா நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு கீறல்கூட இல்லை. அம்சவேணிக்கு அழுகை வந்துவிட்டது. வாரி அணைத்தாள். குழந்தையின் வலது கை அவள் முதுகில் விழுந்து, முழங்கையில் பின்பக்கமாக மடங்கி, தோளிலிருந்து தொங்கி ஆடியது.

"வலிக்கவே இல்லம்மா" என்றாள் நந்திதா. "நைனா கீழ வண்டி நிறுத்திக்கினு கீறாரு."

சொல்லிவிட்டு, அப்பா வருகிறாரா என்று பார்க்கத் தலையைத் திருப்பினாள்.

திருப்பிக்கொண்டே இருந்தாள்.