தாய் விதை... தகப்பன் விதை!

"ஐயோ... போச்சே!"

விதை அறையிலிருந்து எழுந்த அலறலில் பண்ணையே நடுங்கியது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது, மக்காச்சோள ஆராய்ச்சியாளர் குளிர்பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன போச்சு, மேடம்?"

"ரெண்டு டப்பா விதை, சார். சுருங்கிப்போன நோஞ்சான் விதை!"

இன்ஸ்பெக்டர் சுவரோரம் பார்த்தார். பருத்துப் பளபளக்கும் கதிர்கள்... மூட்டை மூட்டையாக!

"இதை விட்டுட்டு நோஞ்சானைத் தூக்கிட்டுப் போனானா? திருடன் மடையனா?"

"விஷயம் தெரிஞ்ச ஆளு! ஒரு செடியோட மகரந்தத்தை அதே செடிக்குப் போட்டு, நல்லதாப் பொறுக்கி, திரும்பத் திரும்ப வளர்த்தா செடி குட்டையாயிடும். ஆனா குணம் மாறாது. அப்படி ரெண்டு தனி வம்சம்... ஒண்ணு தாய், ஒண்ணு தகப்பன். ரெண்டையும் சேர்த்தாத்தான் அந்தப் பருத்த கதிர்! மூட்டையில இருக்கறதை விதைச்சா, அடுத்த விளைச்சல் கன்னாபின்னான்னு போயிடும்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"



"எனக்கு... என் தங்கச்சிக்கு. வேற மகரந்தம் படாம பூவுக்குப் பூ பை கட்டினது அவதான்."

போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"எங்கேடி இருக்கே?"

"போட்டிக் கம்பெனியில. இன்னைக்குத்தான் சேர்ந்தேன்."

"பாவி! கூடப் பொறந்தவளே கழுத்தை அறுத்துட்டியே!"

அழுகை சட்டென்று சிரிப்பானது.

"ஆனா ஏமாந்துட்டே! டப்பாவுல 'தகப்பன்'னு ஒட்டினது பொய். அதுவும் தாய் வம்சம்தான்!"



"தெரியும்க்கா. போன பருவம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பிள்ளையும் குட்டையாவே வந்துச்சு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது... உன்கூட வெயில்ல காய்ஞ்ச என்னை நீ ஒருநாளும் நம்பலைன்னு! அதுவரைக்கும் ஒரு மணியைத் திருட நினைச்சிருப்பேனா?"

அக்கா குளிர்பெட்டியின் கதவை அறைந்து மூடினாள்.

"பொய் டப்பாவை ஞாபகார்த்தமா எடுத்துக்கிட்டேன். நிஜத் தகப்பன் விதை எங்கேன்னு, பக்கத்து ரூம்ல உன் மேஜை டிராயரைத் திறந்து பாரு."

போனோடு ஓடினாள். பூட்டு உடைந்திருந்தது. உள்ளே...

காலி!

"ஏண்டி... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா?"

லைன் கட்!

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

"தாயும் தகப்பனும் ஜோடியா ஓடிட்டாங்க... திருட்டுக் கேஸ் போடவா மேடம், இல்லை காணாமப் போன தம்பதின்னு போடவா?"